கிரியேட்டினின் முறையை மாற்றும் முன்: இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகின்றனவா?

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் சின்ன லேபில் கிரியேட்டினினை (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்; அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறதென்று பொருள்) ஜாஃபே என்ற பழைய வேதியியல் முறையில் அளப்பதிலிருந்து என்சைம் முறைக்கு மாற்ற முடிவு செய்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பெரியவர்தான் என் நினைவுக்கு வந்தார். 1.3 இருந்தவருக்குத் திடீரென 1.1 வந்தால், சிறுநீரகம் தேறிவிட்டதென்று அவர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே!

முதல் வேலை, எண்களைப் பார்ப்பதற்கு முன்பே, எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று மருத்துவரைக் கேட்டு எழுதி வைப்பது. நாங்கள், கிரியேட்டினின் 2-க்குக் கீழே இருந்தால் 0.2 வரை (எல்லாம் டெசிலிட்டருக்கு மி.கி. கணக்கில்) என்று எழுதினோம். கணக்குப் போட்ட பிறகு எழுதினால், வந்த விடைக்கு ஏற்றபடி மனசு வளைந்துகொடுக்கும்.

சாம்பிள் குறைந்தது 40 வேண்டும், ஐந்து நாட்களாவது பரவலாக எடுங்கள். நாங்கள் 60 எடுத்தோம்: 2-க்குக் கீழே 40, மேலே 20. ஒரே குழாய்ச் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறையிலும் ஓட்டினோம்.

இரண்டு முறைகளின் எண்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் கோரிலேஷன் (அதிகபட்சம் 1) 0.99 வந்தது. எங்கள் டெக்னீஷியன் தம்பிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் புது முறை எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் காட்டினாலும் கோரிலேஷன் 1 வரும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது வேறு, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பது வேறு. 1986-இல் புள்ளியியலாளர்கள் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் லான்செட் மருத்துவ இதழில் இதைத்தான் விளக்கினார்கள்.

அவர்கள் வழி எளிது, எக்செல் போதும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள். இரண்டின் சராசரி கிடைக்கோட்டில், வித்தியாசம் செங்குத்தில். எங்களுக்கு 2-க்குக் கீழே சராசரி வித்தியாசம் 0.16, திட்டவிலக்கம் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 0.08. அதை 1.96-ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டிக் கழித்தால், சுமார் 95 சதவீத வித்தியாசங்கள் அடங்கும் எல்லைகள் 0.00, 0.32. நாற்பதே சாம்பிள் என்பதால் அந்த எல்லைகளே சுமார் 0.04 முன்னே பின்னே இருக்கலாம். 2-க்கு மேலே புள்ளிகள் விசிறி போல விரிந்தன, அங்கே சதவீத வித்தியாசம் போட்டோம்.

ஒரு புள்ளி மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. அழித்துவிடலாமா என்றான் தம்பி. குழாயை எடுத்துப் பார்த்தோம், மஞ்சள் காமாலைச் சீரம். காமாலையில் கூடும் மஞ்சள் பொருளான பிலிருபின் ஜாஃபே முறையில் கிரியேட்டினினைக் குறைத்துக் காட்டும். இப்படித் தனித்து நிற்கும் புள்ளியை அழிக்காதீர்கள், அதன் குழாயைத் தேடுங்கள்.

சரி, முடிவு? 0.32 எங்கள் 0.2-ஐத் தாண்டியது. ஆகவே பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் படிக்கக் கூடாது. ஆனால் 0.16 என்ற நிலையான இடைவெளியை ஒதுக்கிவிட்டால், மிச்சச் சிதறல் இருபுறமும் 0.16-க்குள்தான். அதனால் மாறினோம், இயல்பு அளவையும் மாற்றினோம், மருத்துவர்களுக்குக் கடிதம் கொடுத்தோம். தொடர்ந்து வருகிறவர்களுக்கு முதல்முறை இரண்டு வழியிலும் பார்த்தோம். அந்தப் பெரியவரின் ரிப்போர்ட்டில் இரண்டு வரி அச்சானது: பழைய முறை 1.3, புதிய முறை 1.1.