ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: கேட்டுப் புரிகிறதா, படித்துப் புரிகிறதா என்று அளப்பது எப்படி?

போன ஆண்டு காலாண்டுத் தேர்வில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆங்கிலப் பத்தி வினாக்கள் ஐந்துக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தப் பத்தியில என்னம்மா சொல்லியிருக்கு?" என்று கேட்டேன். "தெரியல டீச்சர்" என்றாள். தமிழில் சொல்லச் சொன்னேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வினாவில் இருக்கும் சொல் பத்தியில் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் மேல் தவறில்லை. நான் கேட்ட வினாக்கள் அதற்குத்தான் மதிப்பெண் கொடுத்தன.

அதன் பிறகு ஓராண்டாக ஒன்பதாம் வகுப்பில் முயன்று பார்த்து ஒரு முறைக்கு வந்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில், 40 பிள்ளைகளும் ஒரு ஸ்பீக்கரும் ஜெராக்ஸ் எடுக்கக் கொஞ்சம் காசும் இருந்தால் செய்யக்கூடியது இது. வினாத்தாள் தயாரித்துப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் புளூபிரிண்ட் (வினாத்தாள் திட்டம்), மதிப்பெண் பதிவேடு போன்றவற்றுக்குள் போகவில்லை.

முதலில் ஒரு முடிவு: விடை தமிழில் இருக்கலாம்

புரிந்ததா என்று பார்ப்பது வேறு, ஆங்கிலத்தில் எழுத வருகிறதா என்று பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே வினாவில் போட்டால், பூஜ்யம் வாங்கிய பிள்ளைக்கு எது வரவில்லை என்று நமக்கே தெரியாது. அதனால் இந்தத் தேர்வில் வினாவையும் தமிழில் கேட்கிறேன், விடையையும் தமிழில் ஏற்றுக்கொள்கிறேன். பத்தியும் ஒலிப்பதிவும் மட்டும் ஆங்கிலம். "இது ஆங்கிலத் தேர்வா தமிழ்த் தேர்வா" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். எழுதும் திறனுக்குத் தனியாகத் தேர்வு வைத்துக்கொள்ளலாம். இங்கே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

பத்தியைத் தேர்ந்தெடுப்பது

பாடநூல் பத்தி வேண்டாம். பாதிப் பேருக்கு அது கைடில் மனப்பாடம். 120 முதல் 150 சொற்களில் நீங்களே எழுதுங்கள். உதவியில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 100 சொற்களில் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஹு, நேஷன் என்ற இருவர் 2000ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார்கள். அப்படியென்றால் 150 சொல் பத்தியில் தெரியாத சொல் மூன்றைத் தாண்டக் கூடாது. நடுத்தரமாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளை முந்தின நாளே கூப்பிட்டு, பத்தியில் வரும் சொற்களை மட்டும் அகர வரிசையில் கலைத்துக் கொடுத்து, தெரியாததை அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

வினா எழுதுவது (இங்கேதான் நான் சறுக்கினேன்)

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "டோம்பிக்ஸ் கிரிஃப் லன்ஸ் இன் தி வாட்டர்." இதில் பாதிச் சொற்கள் நானே உண்டாக்கியவை, அவற்றுக்குப் பொருளே கிடையாது. இப்போது வினா: "வேர் டு டோம்பிக்ஸ் கிரிஃப் லன்ஸ்?" உங்களால் உடனே விடை சொல்ல முடியும்: "இன் தி வாட்டர்." முழு மதிப்பெண். டோம்பிக் என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் வினாத்தாள்களில் கணிசமான வினாக்கள் இந்த வகைதான். என் பழைய தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பத்தில் ஏழு வினா இப்படி இருந்தது.

வினாவைத் தமிழில் கேட்டவுடனேயே இந்த நோயில் பாதி குணமாகிவிடும், ஏனென்றால் பொருத்திப் பார்க்க ஆங்கிலச் சொல் கிடைக்காது. மீதிப் பாதிக்கு, இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற வகையில் வினா இருக்க வேண்டும். நான் எழுதிய பத்தி ஒன்றில் ஆங்கிலத்தில் இப்படி வரும்: ரவி போனபோது கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ரவி வெறும் பையோடு திரும்பினான். அன்று சாயங்காலம் அம்மா எல்லோருக்கும் பால் இல்லாத டீ கொடுத்தார். வினா: ரவி எதை வாங்கப் போனான்? பால் வாங்கப் போனான் என்று பத்தியில் எந்த வரியும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வரியும் புரிந்த பிள்ளை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

பத்து வினாவில் நான் வைக்கும் கணக்கு: பத்தியில் நேராகச் சொன்னது நான்கு, வாக்கியங்களை இணைத்துப் பார்க்க வேண்டியது நான்கு, சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டியது இரண்டு. இணைக்கும் வினாவுக்கு எளிய வழி, 'இட்', 'தே', 'ஹிம்' போன்ற சொற்களைப் பிடித்துக்கொள்வது. ஆறாவது வரியில் வரும் 'தே' யாரைக் குறிக்கிறது என்று கேளுங்கள். வகுப்பே இரண்டாகப் பிரியும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பத்தியைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் வேறு பிரிவில் ஐந்தாறு பேரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். 'காட்டுத்தீ ஏன் ஆபத்தானது?' என்பது போன்ற வினாவுக்குப் பத்தியே தேவையில்லை, பொது அறிவே போதும். அப்படிப் பிடிபடுகிற வினாக்களைத் தூக்கிவிடுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

சரியா தவறா வகை வினாக்களை நான் வைப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பாதி சரியாகிவிடும். நான்கு விடையில் ஒன்று என்றால் குருட்டாம்போக்கில் கிடைப்பது கால் பங்கு. ஒரு சொல்லில் எழுதும் விடைதான் எனக்குப் பிடித்தது. திருத்த நேரம் கூடுதலாகும், ஆனால் பிள்ளை எங்கே தடுமாறியது என்று தவறான விடையிலேயே தெரியும்.

கேட்டல் தேர்வு: ஒலிப்பதிவு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. காதுக்கு அதில் வேலை இல்லை. அதனால் பாடநூலில் உள்ள கேட்டல் பயிற்சிகளைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நின்று நீங்களே வாசிக்காதீர்கள். விடை வரும் இடத்தில் நம் குரல் தானாக அழுத்தும், கண் பிள்ளைகள் பக்கம் போகும். 'ஏ' பிரிவுக்கு வாசித்த மாதிரி 'பி' பிரிவுக்கு வாசிக்கவும் மாட்டோம். போனில் உள்ள ரெக்கார்டரே போதும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் நின்று பேசினால் எதிரொலி குறையும். பிறகு கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து, இடைவெளிகளைச் சேர்த்து எம்பி3 ஆக எடுத்துக்கொள்ளலாம். அது இலவசம். வினாக்களைப் படிக்க ஆரம்பத்தில் 30 விநாடி, பிறகு ஒலிப்பதிவு, விடை எழுத 20 விநாடி, மறுபடி ஒருமுறை முழுப் பதிவு. இடைவெளியைப் பதிவுக்குள்ளேயே வைத்துவிட்டால், ஸ்பீக்கரை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியதில்லை.

இரண்டு தடவை போடுவது சலுகை இல்லை. கேம்பிரிட்ஜின் தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வான ஏ2 கீயிலேயே ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். ஒரே முறை ஒலிப்பது, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளில். நம் பிள்ளைகள் அந்த இடத்தில் இல்லை.

வேகம் நிமிடத்துக்கு 110, 120 சொற்கள். ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் அது ஆங்கிலமாகவே ஒலிக்காது, சொல்லோடு சொல் ஒட்டி வரும் இயல்பு போய்விடும். சாதாரண வேகத்தில் பேசி, வாக்கியங்களுக்கு நடுவில் கூடுதலாக நிறுத்துங்கள். எழுத்தைப் பேச்சாக்கும் செயலிகள் எனக்குத் திருப்தி தரவில்லை. உச்சரிப்பு சுத்தம், ஆனால் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிவதில்லை. சக ஆசிரியர் ஒருவரைச் சேர்த்து இரண்டு குரலில் உரையாடலாகப் பதிவு செய்தால் நன்றாக இருக்கும்.

எதைப் பேசுவது? பேருந்து நிலைய அறிவிப்பு, மருந்துக்கடையில் மாத்திரை சாப்பிடும் முறை சொல்வது, தோழியிடம் வழி கேட்பது. விடையாக வரக்கூடிய எல்லாமே பதிவில் ஒலிக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். "5.15க்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 5.50க்குக் கிளம்பும், 3ஆம் நடைமேடையில் இல்லை, 5ஆம் நடைமேடையில்" என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். காதில் விழுந்த முதல் எண்ணை எழுதுகிற பிள்ளைக்கும் புரிந்து எழுதுகிற பிள்ளைக்கும் அங்கே வித்தியாசம் தெரியும்.

நம் பிள்ளைகளுக்கென்றே சில பொறிகள் உண்டு. ஆட்டுக்கும் மேலங்கிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோட்' தான். எழுத்தில் வேறுபாடு இல்லாததால் காதும் அதைத் தேடுவதில்லை. 15க்கும் 50க்கும் உள்ள ஆங்கிலச் சொற்களும் காதைக் குழப்பும். இவற்றில் இரண்டு வினா போதும். தேர்வு முழுக்க இதையே வைத்தால் காதின் கூர்மையை அளப்போம், புரிதலை அளக்க மாட்டோம்.

தேர்வு நாளில் ஸ்பீக்கரை மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுவில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். ஹைடெக் லேபில் ஹெட்போன்கள் எல்லாம் வேலை செய்தால் அதுவே சிறந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள். மணி அடிக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் தேர்வில் கடைசி இரண்டு பெஞ்சுக்கும் மதிப்பெண் குறைவாக வந்தது. அது புரிதல் குறை இல்லை, தூரம். அந்தத் தாள்களை மதிப்பெண்ணாகக் கொள்ளாமல் மறு வாரம் திரும்ப வைத்தேன்.

திருத்திய பிறகு

இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டாதீர்கள். கூட்டினால் இவ்வளவு பாடுபட்டதற்குப் பொருளில்லை. வாசித்தலில் 8, கேட்டலில் 3 வாங்கியவனுக்கும், கேட்டலில் 8, வாசித்தலில் 3 வாங்கியவளுக்கும் கூட்டுத்தொகை 11 தான், தேவையோ நேர் எதிர்.

கேட்டல் வந்து வாசித்தல் வராத பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் புரியவில்லை என்று விட்ட பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு அதே வினாக்களைக் கேளுங்கள். இப்போது விடை வந்தால், மொழி புரிகிறது, எழுத்துக்கூட்டத்தான் வரவில்லை என்று பொருள். அவர்களுக்கு இலக்கணப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, சத்தமாக வாசிக்கப் பழக்க வேண்டும். இதற்கு மாறாகக் கடகடவென்று வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதினரிடம் எடுத்த 2023 ஆம் ஆண்டின் அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில், ஆங்கில வாக்கியங்களை வாசித்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொன்னவர்கள் 73.5 சதவீதம்தான். வாசிக்கும் குரலைக் கேட்டு நாம் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து வினாக்களையும் திருத்துங்கள். வாசித்தலோ கேட்டலோ, ஒரு தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் 40 பேரில் மேலே வந்த 11 பேர், கீழே வந்த 11 பேர் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள் (இரு பக்கமும் 27 சதவீதம் எடுப்பது பழைய வழக்கம்). ஒவ்வொரு வினாவுக்கும் மேலே உள்ளவர்களில் சரியாக எழுதியவர்கள் எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிக் கழித்து, 11ஆல் வகுங்கள். 0.2க்குக் கீழே வந்தால், புரிந்தவரையும் புரியாதவரையும் அது சரியாகப் பிரிக்கவில்லை, வினாவில் சந்தேகம். கழித்தல் குறி வந்தால் வினாவோ விடைக்குறிப்போ தவறாக இருக்கலாம். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. 'பயணம் போனவர்கள் எத்தனை பேர்?' விடைக்குறிப்பில் மூன்று என்று வைத்திருந்தேன். அப்பாதான் வண்டி ஓட்டினார் என்று பதிவின் கடைசியில் வருகிறது, அதை நன்றாகக் கேட்டவர்கள் நான்கு என்று எழுதியிருந்தார்கள். கவனமாகக் கேட்ட பிள்ளைகளுக்கு நான் தவறு போட்டிருக்கிறேன். மறுநாள் அத்தனை தாளையும் வாங்கி மதிப்பெண் கொடுத்தேன்.

பின்சேர்க்கை 1: தமிழ் எழுதவும் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கேட்டல் தேர்வில் எழுத்தே இல்லாமல் செய்யலாம். தெரு வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பதிவில் சொல்லும் வழியைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். வாசித்தலுக்குத் தனியாக உட்கார வைத்து வாயால் விடை வாங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஐந்து பேருக்கு ஒரு பீரியட் ஆகும்.

பின்சேர்க்கை 2: வாசித்தலில் 9 வாங்கும் மாணவன் மூன்று தேர்விலும் கேட்டலில் 1, 0, 1 என்று வாங்குகிறான் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன், 4 வந்ததாம். அது ஆங்கிலப் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு மேசைக்கு அப்பால் திரும்பி நின்றுகொண்டு மெல்லிய குரலில் தமிழில் நான்கு சொல் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் பெற்றோரிடம் பேசி, அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். பள்ளிக்கு ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளுக்கான அரசு மருத்துவப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு வரும்போது பெயரைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். 18 வயது வரை அந்தத் திட்டத்தில் பார்ப்பார்கள். அந்த மாணவனின் முந்தைய மூன்று கேட்டல் மதிப்பெண்களையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றும் அவருக்கு எழுதினேன்.