வெம்ப்ளியில் கோப்பை இறுதி: திரும்பும் ரயிலில் இருந்து தொடங்குங்கள்

லீக் ஆட்டம் சமனில் முடிந்தால் ஆளுக்கொரு புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம். இங்கிலாந்தின் நாக்-அவுட் கால்பந்துப் போட்டிகளான எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை இரண்டுக்கும் லண்டனின் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடக்கும் இறுதிகளில் அந்தச் சலுகை இல்லை; அன்றைக்கே ஒரு கிளப் ஜெயித்தாக வேண்டும். அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் ரயிலைத்தான். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

மாலை 4.30-க்குத் தொடங்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாதி, 15 நிமிட இடைவேளை, காயங்களுக்காகச் சேரும் நிமிடங்கள் எல்லாம் போக 6.25 ஆகிவிடும். சமன் என்றால் கூடுதல் நேரம்: 7.05. பெனால்டி வரை போனால் 7.25. கோப்பை வாங்குவதையும் பார்க்க அரை மணி. ஸ்டேடியத்தைவிட்டு வெளியே வந்து ரயிலில் ஏற ஒரு மணி நேரம், நகரின் பெரிய நிலையம் போய்ச் சேர இன்னும் அரை மணி. ஆக, ஒன்பதரைக்கு முந்தைய வெளியூர் ரயிலில் முன்பதிவு செய்வது சூதாட்டம். எஃப்.ஏ. கோப்பை இறுதி சனிக்கிழமை நடப்பது வழக்கம். சனி இரவில் வடக்கே போகும் கடைசி ரயில்கள் வாரநாட்களைவிட முன்னதாகவே கிளம்பிவிடும். லீக் கோப்பை இறுதி ஞாயிறு. அன்று தண்டவாள வேலை இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் ஒத்துவரவில்லையா, கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தே மேல். அது ஆட்டம் முடியாமல் கிளம்பாது.

இது வீண் பயமில்லை. 2024 லீக் கோப்பை இறுதியில் செல்சிக்கு எதிரான ஒரே கோலை லிவர்பூலின் வான் டைக் அடித்தது 118-ஆவது நிமிடத்தில். ரயிலுக்காக 90-இல் எழுந்து போனவர்களுக்கு எதுவுமே மிச்சமில்லை.

டிக்கெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு கிளப்புகளுக்கும் பெரிய பங்கு ஒதுக்கப்படும். அது சீசன் டிக்கெட்காரர்களுக்கும் வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்க் கிளப்பின் விசுவாசப் புள்ளி சேர்த்தவர்களுக்கும்தான் முதலில் போகும். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994 முதல் இங்கிலாந்தில் குற்றம். அப்படி வாங்கிய டிக்கெட் வாசலில் ரத்தானால் பணமும் போச்சு, பயணமும் போச்சு. டிக்கெட் இப்போது போனில்தான் வருகிறது. வீட்டிலேயே போனின் வாலட் செயலியில் இறக்கி வைத்துவிடுங்கள். 90,000 பேர் கூடும் இடத்தில் வாசலில் நின்று மின்னஞ்சலைத் திறக்க முயன்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்டேடியத்தின் ஒரு முனை ஒரு கிளப்புக்கு, எதிர்முனை மற்றதற்கு. எதிரணிச் சட்டையோடு தவறான முனையில் உட்கார்ந்தால் காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள். இரண்டு கிளப் பெயரும் பாதிப் பாதியாக நெய்த ஸ்கார்ஃப் வழியெங்கும் விற்பார்கள். அதை வாங்கத் தடை ஒன்றுமில்லை. ஆனால் கிளப் முனையில் அதைப் போட்டுக்கொண்டு போனால் சுற்றுலாப் பயணி என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி.

பை ஏ4 காகித அளவுக்குள், அதாவது 297 x 210 x 210 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. அதைவிடப் பெரிய முதுகுப்பையோடு வந்தால் வாசலில் திருப்பி அனுப்புவார்கள், அதைக் காசு கொடுத்து வெளியே எங்காவது வைக்க அலைய வேண்டியதுதான். உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டு மட்டும். மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த சட்டம் விடாது. அதனால் இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கவுண்டருக்கு ஓடுவார்கள். 40-ஆவது நிமிடத்தில் எழுந்து போகாதவர் அந்த வரிசையில் இரண்டாம் பாதியின் தொடக்கத்தைத் தொலைப்பார்.

போகும் வழியில் ஒரு பொறி உண்டு. மான்செஸ்டரிலிருந்தோ லிவர்பூலிலிருந்தோ யூஸ்டனில் இறங்குபவர்கள் ஐந்து நிமிடம் நடந்து யூஸ்டன் ஸ்கொயர் போய்ச் சுரங்க ரயிலின் மெட்ரோபாலிட்டன் லைன் பிடித்தால் நான்காவது நிறுத்தம் வெம்ப்ளி பார்க். நியூகாசிலிலிருந்து கிங்ஸ் கிராஸில் இறங்குபவர்களுக்கும் இதே லைன்தான். ஆனால் அதே நடைமேடையில் சர்க்கிள், ஹேமர்ஸ்மித் & சிட்டி லைன் ரயில்களும் வரும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. முகப்பில் அக்ஸ்பிரிட்ஜ், வாட்ஃபோர்ட், அமர்ஷம், செஷம் இவற்றில் ஒன்று எழுதியிருந்தால் மட்டும் ஏறுங்கள். பர்மிங்ஹாம்காரர்களுக்கு மேரிலெபோன் வழி. அங்கிருந்து வெம்ப்ளி ஸ்டேடியம் நிலையம் பத்தே நிமிடம்.

எஃப்.ஏ. கோப்பை என்றால் ஆட்டத்துக்குக் கால் மணி முன்பே இருக்கையில் இருங்கள். 1927 முதல் ஆட்டத்துக்கு முன் பாடப்படும் துதிப்பாட்டு அப்போதுதான். எதிரெதிர் கூட்டம் இரண்டும் சேர்ந்து பாடும் பாட்டு அது.

சமனாகப் போகும் ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் பக்கம் ஒரு கண் வையுங்கள். 90 நிமிடத்துக்குள் ஐந்து மாற்று வீரர்கள், கூடுதல் நேரத்தில் ஆறாவது. அதைக் கடைசி வரை கையில் வைத்திருந்தால் பெனால்டிக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 லீக் கோப்பை இறுதியில் செல்சி அப்படித்தான் கோல்கீப்பர் மெண்டியை எடுத்துவிட்டு கேபாவை இறக்கியது. அவர் லிவர்பூலின் 11 உதைகளில் ஒன்றையும் தடுக்கவில்லை; 22-ஆவது உதையைத் தானே கம்பிக்கு மேலே அனுப்பினார். 11-10. ஷூட்-அவுட்டுக்கு முன் நாணயம் இரண்டு முறை சுண்டப்படும்: எந்த கோலில் உதைப்பது என்று முதலில், யார் முதலில் உதைப்பது என்று அடுத்து. முதல்முறை சுண்டுவதைத்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், ஏனென்றால் யாருடைய ரசிகர்களின் முகத்துக்கு எதிரே நின்று உதைக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

தோற்ற அணி முதலில் 107 படி ஏறிப் பதக்கம் வாங்கும். அவர்கள் முனை அதற்குள் பாதி காலியாகிவிடும். ஜெயித்த முனையில் இருந்தால் அவசரப்படாதீர்கள்; எஃப்.ஏ. கோப்பையில் ஜெயித்தவர் பெயரைச் செதுக்குபவர் அங்கேயே இருப்பார், கோப்பையின் கைப்பிடியில் அவர்கள் நிற ரிப்பன் ஏறும்.

வெளியே வந்ததும் ஆட்டு மந்தை போல வெம்ப்ளி பார்க் பக்கம் போகாதீர்கள். அங்கே நிலையத்துக்குள் பகுதி பகுதியாகத்தான் விடுவார்கள். தெற்கே, 1923 இறுதியில் மைதானத்துக்குள் புகுந்த கூட்டத்தை ஒதுக்கிய வெள்ளைப் போலீஸ் குதிரையின் நினைவாக ஒயிட் ஹார்ஸ் என்று பெயரிட்ட பாலத்தைத் தாண்டி ஹை ரோட்டில் இருபது நிமிடம் நடந்தால் வெம்ப்ளி சென்ட்ரல், பேக்கர்லூ லைன். அவசரமே இல்லையென்றால் அதன் அருகே பிரியும் ஈலிங் ரோட்டில் இறங்குங்கள். ஆல்பர்ட்டன் வரை குஜராத்தி, தமிழ்க் கடைகள். கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும் கடையில் ஒரு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைக்கோடியில் ஆல்பர்ட்டன் நிலையத்தில் பிக்கடிலி லைன் ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும்.