பேட்ஜ் கிடைத்ததும் நடக்கும் தவறுகள்: ராணுவப் பள்ளி மாணவர்களுக்கு

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சைனிக் பள்ளி, அதாவது ராணுவப் பள்ளி, 1962-இல் தொடங்கியது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் முன்னெடுத்த திட்டம் அது. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயாராக வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்படிப்பட்ட பள்ளிகளில் பத்து, பதினொரு வயதில் ஆறாம் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் பேட்ஜ் குத்திக்கொண்டு, ஹவுஸ் என்ற விடுதிப் பிரிவுக்குக் கேப்டனாகவோ பிரிஃபெக்டாகவோ (மாணவர் தலைவனாக) நிற்கிறது. மீசை சரியாக முளைக்காத வயதில், வீட்டை விட்டு வந்த ஒரு கூட்டம் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. தவறு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பல தவறுகளை முன்கூட்டியே சொல்லித் தடுக்க முடியும்.

நான் படித்தது வேறொரு ராணுவப் பள்ளி, பெயர் வேண்டாம். ஜூனியர் ஹவுஸுக்கு என்னைப் பிரிஃபெக்டாகப் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் ஒருவனுடைய அலமாரி கலைந்து கிடந்தது. அறை முழுவதையும் வெளியே வரச் சொல்லி ஃபிராக் ஜம்ப் (தவளை போலத் தாவுவது) போட வைத்தேன். அதில் ஒரு பையனுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். பயத்தில் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி அவனை மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஹவுஸுக்குப் பொறுப்பான ஆசிரியர், ஹவுஸ் மாஸ்டர், என்னைத் திட்டவில்லை. “அவனுக்குக் காய்ச்சல் என்று உனக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பேட்ஜ் என்றால் தண்டிக்கும் உரிமை என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியை 1932 டிசம்பர் 10 அன்று முறைப்படி திறந்து வைத்தபோது, தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் சொன்ன வார்த்தைகள் அங்கே இன்றும் வழிகாட்டியாக இருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் எப்போதும் முதலில். உன் கீழ் இருக்கும் வீரர்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்து. உன் சுகம் எப்போதும் கடைசியில். ஏறக்குறைய எல்லாக் கேடட்டுகளும் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் மெஸ்ஸில் பார்த்தால் சீனியர் தட்டில் முதலில் விழும், கடைசி மேசைச் சின்னவனுக்குக் குழம்பு தீர்ந்திருக்கும். செட்வுட் சொன்னது அந்தக் குழம்பைப் பற்றியும்தான். எல்லோருக்கும் கிடைத்ததா என்று பார்த்த பிறகு உட்காருங்கள். விளக்கணைக்கும் நேரத்தில் ஒரு சுற்று நடந்து, யார் போர்வைக்குள் அழுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்தது, மரபையும் கொடுமையையும் குழப்பிக்கொள்வது. “எங்கள் சீனியர் எங்களுக்குச் செய்தார்கள், நாங்கள் உங்களுக்குச் செய்கிறோம், இதுதான் பாரம்பரியம்” என்ற பேச்சு எல்லா விடுதிகளிலும் உண்டு. நாட்டுக்காக உயிர் கொடுத்த பழைய மாணவர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பது மரபு. தோற்ற ஹவுஸுக்கும் கைதட்டுவது மரபு. நடு ராத்திரியில் ஜூனியரை எழுப்பித் துணி துவைக்கச் சொல்வது மரபு ஆகாது. சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பெற்றோர் வந்திருக்கும் நாளில், மைதானத்தின் நடுவில் வைத்துச் செய்வேனா? செய்ய மாட்டேன் என்றால் அது மரபு இல்லை. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சீருடை போட்டதால் அந்தக் கொடுமைக்கு வேறு பெயர் வந்துவிடாது.

விசுவாசம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். காட்டிக்கொடுக்காதே என்பது ராணுவப் பள்ளிகளின் எழுதாத சட்டம். அதில் நல்லதும் இருக்கிறது. நண்பன் ஃபால்-இன்னுக்கு (எல்லோரும் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு) இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததை ஓடிப்போய்ச் சொல்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டாம். ஆனால் தேர்வில் காப்பி அடித்தது, திருடியது, சின்னவனை அடித்தது என்று வரும்போது அதே மௌனம் குற்றத்துக்கு உடந்தையாகிவிடும். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமியின் நேர்மை விதி, பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே என்பதோடு நிற்கவில்லை. அப்படிச் செய்பவர்களைச் சகித்துக்கொள்ளாதே என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். நண்பனிடமே முதலில் போய் “நீயே சொல்லிவிடு, நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவன் சின்னவன் என்றால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக ஹவுஸ் மாஸ்டரிடம் போங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்காக மட்டும் ஷூ மின்னுவது இன்னொரு பழக்கம். போர்வை மடிப்பு கலையக் கூடாது என்று தரையில் படுத்துத் தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஒழுங்கு இல்லை, நடிப்பு. யாரும் பார்க்காத புதன்கிழமையிலும் ஷூ சுத்தமாக இருந்தால் போதும், மின்ன வேண்டியதில்லை.

அப்புறம், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு. ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வுக்கு எதிராளியை அமுக்கிப் பேசுவதுதான் தலைமை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அதிகாரிக்குரிய 15 பண்புகளை உளவியல் சோதனை, குழுப் பணிகள், நேர்முகம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒன்றில் போட்ட வேஷம் இன்னொன்றில் கலைந்துவிடும். பலகையும் கயிறும் வைத்துத் தடை தாண்டும் பணியில், குரல் எடுபடாத ஒருவனின் நல்ல யோசனையைக் காதுகொடுத்துக் கேட்கிறவன் தனியாகத் தெரிவான். அந்தப் பழக்கம் ஹவுஸில் வளர்வது, பயிற்சி வகுப்பில் கிடைக்காது.

2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் மாணவிகள் சேர்கிறார்கள். அவர்களை விருந்தாளிகளைப் போல நடத்துவதும் தவறு, அவர்களுக்கு மட்டும் அளவைக் குறைப்பதும் தவறு. ஹவுஸ் அவர்களுடையதும்தான்.

புதிய ஆறாம் வகுப்பு வரும் வாரத்தில் நீங்கள் பொறுப்பில் இருந்தால், தண்டனை எதையும் யோசிக்கும் முன்பு பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த ஊர், வீட்டில் யார் யார், சாப்பாட்டில் எதை ஒதுக்குகிறான், உடம்பு சரியில்லாவிட்டால் சொல்வானா மறைப்பானா. ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். என்னிடம் அன்று அந்த நோட்டு இருந்திருந்தால், அவனுக்குக் காய்ச்சல் என்று காலை ஃபால்-இன்னிலேயே தெரிந்திருக்கும்.