மார்கழிக் குளிரில் மூட்டு வலியைத் தணிக்கும் முறை

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலுக்குப் பழகிய உடல், மார்கழிப் பனியை எளிதில் தாங்குவதில்லை. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் குளிர் இன்னும் கடுமையானது.

விழித்தவுடன் வாசல் தெளிக்கக் குனியாமல், போர்வைக்குள்ளேயே கணுக்காலைச் சுழற்றி, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டி, விரல்களை மூடித் திறந்த பின்னரே எழுந்திருங்கள். சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்க வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் இறுகிய தசை தளரும். ஆனால் நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடக்கூடும் என்பதால், வீட்டில் வேறொருவர் சூட்டைச் சோதித்துக் கொடுப்பது மிக அவசியம்.

மூட்டு சிவந்து வீங்கினாலோ, காலை நேர இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரித்தாலோ, தைலத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகமாகக் குளிர்ந்தால், இரத்தசோகைக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.