புதிதாக நட்ட அவகாடோ கன்றை இரசாயனப் பூச்சிக்கொல்லி இல்லாமல் பேணுதல்

அவகாடோ கன்றை நட்டவர்கள் முதலில் அஞ்சுவது பூச்சிகளுக்குத்தான். இலையில் ஒரு சிறு ஓட்டை விழுந்துவிட்டால் உடனே எதைத் தெளிக்கலாம் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் நான் கண்டவரையில், நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் பட்டுப்போகும் கன்றுகளில் பூச்சி தின்று மடிந்தவை மிகச் சிலவே. வேரில் காற்றோட்டம் இல்லாமல் அழுகி மடிந்தவையே ஏராளம். ஆகவே இரசாயன மருந்து இல்லாமல் இந்த மரத்தை வளர்க்க விரும்புபவர் தம் கவனத்தில் பெரும்பங்கை இலைக்கு அல்ல, மண்ணுக்கு அளிக்க வேண்டும்.

மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இம்மரத்தின் தாயகம். சருகு மெத்தையாகக் கிடக்கும் காட்டுத் தரையில் பழகிய மரம் என்பதால், இதன் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள்ளேயே படர்கின்றன. மற்ற பல மரங்களின் வேர்களில் அடர்ந்திருக்கும் வேர்த்தூவிகள் இதில் மிகக் குறைவு. ஆகையால் மேல்மண் ஒரு நாள் காய்ந்தாலும் கன்று வாடுகிறது. அதே மண்ணில் இரண்டு நாள் நீர் தேங்கினாலும் வேர் மூச்சுத் திணறுகிறது. கன்றின் அடியைக் களைக்கொட்டால் கொத்திவிடும் பழக்கமும் இதனால்தான் இந்த மரத்துக்கு ஆகாது; களையைக் கையால் பிடுங்கினாலே போதும்.

நீர் தேங்கிய மண்ணில்தான் இந்த மரத்தின் பெரும் பகையான பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் வேரழுகல் நோய்க்கிருமி பெருகுகிறது. 1922-இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களில் கண்டு விவரிக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. பூஞ்சாணம் என்றே பலரும் அதைக் குறிப்பிட்டாலும், அது உண்மையான பூஞ்சாண வகையைச் சேர்ந்தது அன்று. அதன் வித்துகள் மண்ணில் உள்ள நீரில் நீந்திச் சென்று வேர் நுனியைப் பற்றுகின்றன. பற்றப்பட்ட வேர் கறுத்து, விரலால் நசுக்கினால் நொறுங்கிவிடும். வேறு தோட்டத்தில் உழைத்த மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டியிருக்கும் சேறு வழியாகவும் அது புதிய இடத்துக்கு வந்து சேரும் என்பதால், கன்றின் அருகே செல்லும் முன் கருவிகளைக் கழுவிக் காயவைப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

உங்கள் கன்று ஏற்கெனவே குழிவான இடத்தில் நடப்பட்டிருந்து, மழைக்குப் பின் அடியில் நீர் நிற்பதைக் கண்டால், வேர் வெளியே படரும் முன்னரே, முதல் சில வாரங்களுக்குள், மண் கட்டி உடையாமல் அகழ்ந்தெடுத்து மேட்டில் நட்டுவிடுங்கள். மேடு 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமும் கொண்டிருக்கட்டும். வடிகாலுக்காகக் குழியின் அடியில் சரளைக்கல் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது நீரை வடிப்பதற்கு மாறாக, கல் அடுக்குக்கு மேலே உள்ள மண்ணில் நிறுத்தியே வைக்கிறது. ஒட்டுக்கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும்.

இனி மூடாக்கு. இந்த மரத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன். சிம்புகளாக வெட்டிய மரக்கிளை, பட்டைத் துண்டு, காய்ந்த சருகு ஆகியவற்றைக் கலந்து, கன்றைச் சுற்றி 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு, இலைக்குடையின் விளிம்பையும் தாண்டிப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு இடம் வெறுமையாக இருக்கட்டும். தண்டோடு அணைத்துக் குவித்தால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகுவதோடு, கறையானும் எலியும் அங்கே குடியேறும். பச்சைப் புல்லைக் கனமாகக் கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அது படிந்து சூடேறிக் காற்றை அடைத்துவிடும்.

மூடாக்கு ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் இன்னொரு பணி அத்தனை பரவலாக அறியப்படவில்லை. மரத்துண்டுகளை மக்கவைக்கும் நன்மை செய்யும் பூஞ்சாணங்கள், அவற்றில் உள்ள செல்லுலோசை அரிப்பதற்காகச் செல்லுலேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. பைட்டோப்தோராவின் செல் சுவரும், உண்மையான பூஞ்சாணங்களைப் போலன்றி, செல்லுலோசைக் கொண்டதுதான். ஆகவே மரத்தை மக்கவைக்கும் அதே நொதி பகைவனின் சுவரையும் கரைக்கிறது. மூடாக்கு அடுக்கிலும் அதை ஒட்டிய மேல்மண்ணிலும்தான் இது நன்கு நடக்கிறது. அவகாடோவின் வேர்கள் தேடி வருவதும் அதே இடத்தைத்தான். மக்கிய உரத்தோடு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து இடுபவர்கள் இந்த மூடாக்கின் அடியில் இட்டால் அதற்கு உண்ண உணவும் ஈரமும் கிடைக்கும். வெற்று மண்ணில் தூவினால் பெரும்பாலும் வீண். மண்ணில் காரத்தன்மை கூடாமல் கால்சியம் சேர்க்க விரும்பினால் ஜிப்சத்தை மேலாகத் தூவலாம். இந்த மரம் சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்புவது என்பதால் அங்கே சுண்ணாம்பு பொருந்தாது.

நீர் பாய்ச்சுவதில் பலர் தவறுவதற்குக் காரணம், நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் இலை ஒரே மாதிரி தொங்குவதுதான். நான் நட்ட முதல் கன்று வாடியபோது தாகம் என்று எண்ணி நாள்தோறும் நீர் ஊற்றினேன்; மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது அடியில் சேறும் கறுத்த வேருமாக இருந்தது. அன்று முதல், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் நான் நீர் ஊற்றுவதில்லை. புதிய கன்றின் வேர்கள் பையில் இருந்த பழைய மண் கட்டிக்குள்ளேயே சில வாரங்கள் அடங்கியிருக்கும். சுற்று மண் ஈரமாக இருக்கும்போதே அந்தக் கட்டி மட்டும் காய்ந்துவிடக்கூடும் என்பதால் இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெப்பமான நாள்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். மழைக்காலத்தில் ஒரு முறையும் தேவைப்படாமல் போகலாம். இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகினால் நீரிலோ உரத்திலோ உள்ள உப்பைச் சந்தேகியுங்கள். அப்போது நீர் நன்கு வடியும் மேடாக இருந்தால், இடையிடையே ஒரு முறை தாராளமாக ஊற்றி உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கலாம்.

உரத்தில் அவசரம் வேண்டாம். புதுத் துளிர் வந்து இலை முற்றும்வரை எதுவும் இட வேண்டியதில்லை; அதன் பின் நன்கு மக்கிய தொழு உரத்தைச் சிறிதளவு மூடாக்கின் மேல் தூவினால் போதும்.

இளந்தண்டின் பட்டை பச்சையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் கடும் வெயிலில் வெந்துவிடும். வெந்து வெடித்த பட்டை தண்டைத் துளைக்கும் வண்டுகளுக்கு வாசலாகிவிடுகிறது. நீர்த்த சுண்ணாம்பையோ கயோலின் களிமண்ணையோ தண்டில் வெள்ளையாகப் பூசுவதும், முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஒரு நிழல் தட்டி கட்டுவதும் பயன் தரும். கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்யாதீர்கள்; தண்டுக்கு நிழல் தருபவை அவைதான்.

இப்போது பூச்சிகளுக்கு வருவோம். முதலில் எறும்பைக் கவனியுங்கள். எறும்புகள் வரிசையாகத் தண்டில் ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டிவிடுகின்றன. தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, பட்டையின் மேல்தான், மரத்தின் மேல் அல்ல, ஒட்டும் பசையைத் தடவி எறும்பின் வழியை அடைத்தால், மீதி வேலையை அந்த இயற்கை எதிரிகளே பார்த்துக்கொள்ளும். தரையைத் தொடும் கிளையோ புல்லோ பாலமாக அமையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலையின் மேற்புறம் வெண்கல நிறமாக மங்கினாலோ அடிப்புறத்தில் நரம்பை ஒட்டி வட்டப் புள்ளிகள் தோன்றினாலோ அது சிலந்திப்பூச்சியின் வேலை. தூசி படிந்த இலையில் அது எளிதாகப் பெருகும். ஆகவே வாரம் ஒரு முறை காலையில் இலையின் இருபுறமும் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். இலையைத் தின்னும் புழுக்கள் சிலவாக இருக்கையில் கையால் பொறுக்கினாலே போதும். மிகுந்தால், பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்னும் நுண்ணுயிரைப் புழு சிறிதாக இருக்கும்போதே மாலையில் தெளிக்கலாம். நத்தைக்குத் தண்டில் செப்புத் தகட்டுப் பட்டை கட்டலாம்.

வேப்பெண்ணெயைக் கடைசி வழியாகவே வைத்திருங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, முதலில் ஓரிரு இலைகளில் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே முழுக் கன்றுக்கும் தெளிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் அது இலையைச் சுட்டுவிடும். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது நமக்கு வேண்டிய பூச்சிகளை விட்டுவைக்கும் என்று எண்ணக் கூடாது. சில இலைகளில் ஓட்டை இருப்பதால் கன்றுக்கு எந்தக் கேடும் இல்லை; அவற்றைத் தின்னும் பூச்சி இல்லாவிட்டால் அதைத் தின்ன வருபவையும் வாரா.

ஒட்டுக் கன்று முதல் ஆண்டிலேயே பூத்துப் பிஞ்சு விடக்கூடும். கை கூசினாலும் அந்தப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். வேரும் கிளையும் வளர வேண்டிய பருவம் அது. மூடாக்கு மக்கித் தாழும்போதெல்லாம் மேலே புதிதாகச் சேர்த்து வாருங்கள். ஓராண்டுக்குப் பின் அதை மெல்ல விலக்கிப் பார்த்தால், மக்கிய சருகுக்குள் வெண்ணிற வேர் நுனிகள் மேல்நோக்கி வந்திருப்பதைக் காணலாம். வேர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பார்த்ததும், வெயில் படும் முன் மூடிவிடுங்கள்.