டிகிரிக்குப் பிறகு தானாகக் கணிதம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரீட்சை முடிந்ததும் கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்: "சார், பி.எஸ்சி. முடிச்சாச்சு. அடுத்து நானா என்ன படிக்கலாம்?" நல்ல கேள்விதான். ஆனால் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். தினமும் படி, நோட்ஸ் எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்துத் தலைப்பை எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வலங்கைமான் பக்கத்து மாணவர் ஒருவர், நல்ல சூட்டிகை, ரீமான் ஸீட்டா ஃபங்ஷன்தான் படிப்பேன் என்று நின்றார். 1+2+3+… = −1/12 என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போயிற்று. திரும்பி வந்தபோது நோட்டு நிறைய சூத்திரங்கள்.

பெருக்குத் தொடரை எடுத்தேன். முதல் உறுப்பு 1 என்றால், ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்து, அதனால் 1-ஐ வகுத்தால் கூடுதல். விகிதம் 1/2: 1+1/2+1/4+… = 2. சரி. "விகிதம் 2 போடு" என்றேன். 1+2+4+8 என்று ஏறிக்கொண்டே போகிறது; சூத்திரமோ −1 என்கிறது. "அப்போ இதுவும் அதிசயம்தானா சார்?" என்றார்.

அதிசயமே இல்லை. விகிதத்தின் மட்டு மதிப்பு 1-ஐ விடக் குறைந்தால்தான் அந்தத் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டக் கூட்ட ஓர் எண்ணை நெருங்கும். வகுத்து வரும் ஃபங்ஷனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விகிதம் 1 என்ற ஓர் இடம் தவிர எங்கும் அதற்கு மதிப்பு உண்டு. ஸீட்டாவிலும் இதேதான். அதன் தொடர் 1+1/2ˢ+1/3ˢ+…, இதில் s என்ற அடுக்கு −1 ஆனால் 1+2+3+… ஆகிவிடும். அடுக்கின் மெய்ப்பகுதி 1-ஐத் தாண்டினால்தான் தொடர் ஒருங்கும். −1/12 வருவது அந்தத் தொடரைக் கூட்டி அல்ல, அனலிட்டிக் கன்டினியுவேஷன் வழியாக, அதாவது தொடர் ஒருங்காத இடங்களுக்கும் ஃபங்ஷனை நீட்டும் முறையால். அது புரிய காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், அதாவது கலப்பெண் ஃபங்ஷன்களின் பாடம், வேண்டும். அதற்கும் கீழே யூனிஃபார்ம் கன்வெர்ஜென்ஸ், அதாவது ஃபங்ஷன்களின் தொடர் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒருங்குவது. நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட்டால் என்ன ஆகும்?

"ராமானுஜன் தானாத்தானே படிச்சார்?" என்று இந்த ஊரில் உடனே கேட்பார்கள். ஆமாம், ஆனால் எப்படிப் படித்தார்? கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் கிடைத்தது, நிரூபணங்கள் பெயரளவுக்குத்தான். அந்த முடிவுகளைத் தானே நிறுவ உட்கார்ந்தார். அப்படிப்பட்டவரே 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்னது பிசகியது. ஸீட்டாவைப் பூச்சியமாக்கும் கலப்பெண்கள் அவர் கணக்கில் வரவில்லை. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் அன்று அவரிடம் வந்து சேரவில்லை. நமக்கு அது நூலகத்திலேயே இருக்கிறது. இருந்தும் தாண்டிப் போகிறோம் என்பதுதான் என் ஆற்றாமை.

புத்தகத்தின் முன்னுரையைப் படியுங்கள். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்புறம் முதல் அத்தியாயக் கணக்குகள். பாதிக்கு மேல் கையே வைக்க முடியவில்லையா? அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

பேப்பர் பாஸ் என்றால் பாடம் தெரியும் என்று நினைப்பது

ரியல் அனாலிசிஸில் நல்ல மார்க் வாங்கியவரிடம் கேளுங்கள்: 1, 1.4, 1.41, 1.414 என்று போகும் விகிதமுறு எண்கள் விகிதமுறு எண்களுக்குள்ளேயே ஓர் எல்லைக்கு ஒருங்குகின்றனவா? இல்லை, அது போய்ச் சேருவது √2. அது விகிதமுறு எண் இல்லை. உறுப்புகள் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும் இப்படிப்பட்ட வரிசைக்குக் காஷி தொடர்வரிசை என்று பெயர். அதன் வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பவர்கள் பலர் இங்கே முழிக்கிறார்கள். முந்தைய ஆண்டு வினாத்தாளை வைத்தே படித்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரே சமயத்தில் மூன்று தலைப்பு

வேண்டாம்.

வீடியோவோடு நிறுத்திக்கொள்வது

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பேனாவைத் திறக்காமல் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது.

லீனியர் அல்ஜீப்ராவை "முடிச்சாச்சு" என்று விடுவது

முதல் நிரை 1, 1. இரண்டாம் நிரை 1, 0. இந்த அணியைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள்: ஃபிபனாச்சி எண்கள் வரும். அதன் ஐகன் மதிப்புகள் (1+√5)/2, (1−√5)/2. ஃபிபனாச்சி எண்ணுக்கான நேரடிச் சூத்திரத்தில் √5 எங்கிருந்து வந்தது என்பது அணியை மூலைவிட்ட வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தெரிந்துவிடும். பி.எஸ்சி.யில் அணியும் உண்டு, ஐகன் மதிப்பும் உண்டு. இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

எந்தத் தலைப்பு என்று தீர்மானிக்க முடியாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். மூலைவிட்ட வடிவத்துக்கு வராத அணிகளுக்கான ஜோர்டான் வடிவம் வரை போய்விட்டு, கையில் இருக்கும் க்ரூப் தியரியையும் (குலங்களின் பாடம்) சேர்த்துக்கொண்டால், முடிவுள்ள குலங்களை அணிகளாக எழுதிப் பார்க்கும் ரெப்ரசென்டேஷன் தியரிக்குள் நுழைய அதுவே போதும்.