புகையிலைக்கும் நெருப்புப்பெட்டிக்கும் ஒரே பெட்டி: திருகோணமலைக் காற்றுக்கேற்ற வடிவமைப்பு

புகையிலையையும் அதைப் புகைப்பதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டிக்குள் வைக்க விரும்புகிறவர் முதலில் ஒரு முரண்பாட்டைத் தீர்த்தாக வேண்டும். புகையிலைக்கு ஓரளவு ஈரம் வேண்டும். நெருப்புக்குச்சிக்கு ஈரம் ஆகாது. சுருட்டு வெட்டும் கத்தியும் பைப் துப்புரவாக்கும் கம்பியும் ஈரத்தில் துருப்பிடிக்கும். லைட்டரின் எரிபொருள் மணமும் பழைய சாம்பலின் கார நெடியும் புகையிலை இலைக்குள் ஏறிவிட்டால் பிறகு எந்த வெயிலில் காயவைத்தாலும் போகா. கடைகளில் அழகுக்காக விற்கப்படும் பல பெட்டிகள் இதைக் கவனியாமல், ஒரே மூடியின் கீழ் நான்கு தடுப்புகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. தடுப்பு பொருள்களைப் பிரிக்குமே தவிர, காற்றைப் பிரிக்காது. ஆகவே இந்த வடிவமைப்பின் அடிப்படை விதி இதுதான்: புகையிலை இருக்கும் அறைக்குத் தனி மூடி இருக்க வேண்டும், மற்றச் சாமான்களை எடுப்பதற்காக அந்த மூடியைத் திறக்க வேண்டிய தேவை ஒருபோதும் வரக்கூடாது.

திருகோணமலையில் இந்த விதிக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் உண்டு. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் வறண்ட காற்று வீசத் தொடங்கினால், திறந்து வைத்த புகையிலை சில நாட்களிலேயே சருகாகி, கையில் எடுத்தவுடன் நொறுங்கும். ஐப்பசியில் மாரி பிடித்துவிட்டால் தை வரையில் நிலைமை தலைகீழாகி, அதே இலை ஈரத்தை இழுத்துத் தொய்ந்து, ஓரங்களில் வெண்மையான பூஞ்சணம் படரும். இவற்றோடு கடலுப்பும் சேர்கிறது. உப்புவெளி, டச்சுக்குடாப் பக்கத்து வீடுகளில் யன்னல் கொக்கிகள் எவ்வளவு விரைவில் செதில் செதிலாகக் கழன்று விழுகின்றன என்பதைப் பார்த்தவர்கள், பெட்டிக்கு இரும்புப் பிணைச்சல் போடத் துணிய மாட்டார்கள்.

மரத் தெரிவில் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. சாவண்டலை மரத்துக்கு ஆங்கிலேயர் காலத்து மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர். இங்கிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி, அங்கே அலையடிக்கும் கரைகளில் ஓடிய மசூலாப் படகுகளைக் கட்டுவதற்குப் பயன்பட்டது. வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது. இலங்கையில் சாராயத்தை முதிரவைக்கும் பீப்பாய்களும் இந்த மரத்தால் செய்யப்படுகின்றன. ஆகவே வெளிக்கூட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சாவண்டலையையே. முதிரையின் பொன்னிற வரிகள் கண்ணைப் பறிக்கும் என்றாலும், அதன் தூள் பலருக்குத் தோலில் சொறியையும் எரிவையும் உண்டாக்குவதால், முகக்கவசமும் நீண்ட கைச்சட்டையும் இல்லாமல் அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உள்ளதால் ஒட்டும் இடங்களைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்த பிறகே பசை பூச வேண்டும். வேம்பின் மணம் புகையிலைக்கு ஒத்துவராது. உள்ளறைக்கு மகோகனி நல்லது: மணம் மென்மையானது, ஈரம் ஏறி இறங்கும்போது அதிகம் கோணாது. கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால் அதை நாட வேண்டாம். இவ்வளவு சிறிய வேலைக்குப் புதுமரம் வாங்கவும் தேவையில்லை. தளபாட வேலைத்தலங்களில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளோ, பழைய வீடு உடைக்கும்போது கழற்றிய கதவுப் பலகையோ போதும். பல ஆண்டுகள் காய்ந்த பழைய பலகை புதுப்பலகையை விட நம்பகமானது.

இனி அளவுகளுக்கு வருவோம். வெளிப்புறம் 260 மில்லிமீற்றர் நீளமும் 170 மில்லிமீற்றர் அகலமும் ஏறக்குறைய 120 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட பெட்டி மேசை மீதும் அலுமாரித் தட்டிலும் இடைஞ்சலின்றி அமரும். பக்கப் பலகைகள் 9 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், உள்நீளம் 242, உள்ளகலம் 152. இதன் குறுக்கே 9 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு நடுச்சுவரை நிறுத்தி, ஒரு புறம் 160 மில்லிமீற்றர் நீளமுள்ள புகையிலை அறையையும் மறுபுறம் 73 மில்லிமீற்றர் அகலமுள்ள உலர் அறையையும் பிரிக்கலாம். இரண்டு அறைகளுக்கும் ஆழம் 65 மில்லிமீற்றர். அவற்றின் தளப்பலகைக்குக் கீழே 30 மில்லிமீற்றர் உயரத்தில் முன்புறமாக இழுக்கும் ஒரு லாச்சி வரும். சுருட்டின் நீளம் செய்கைக்குச் செய்கை மாறுபடுவதால், அவரவர் வாங்கும் சுருட்டை அளந்து, அதைவிட 15 மில்லிமீற்றர் கூடுதலாக அறை இருக்கிறதா என்பதை வரைபட நிலையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

நடுச்சுவர்தான் இந்தப் பெட்டியின் உயிர். அது இரு பக்கப் பலகைகளிலும் தளத்திலும் வெட்டிய தவாளிப்புகளுக்குள் இறங்கி, முழு நீளத்துக்கும் பசையோடு பொருந்த வேண்டும். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் ஈரம் அந்த வழியே உலர் அறைக்குள் புகும். புகையிலை அறையின் நான்கு விளிம்புகளிலும் 6 மில்லிமீற்றர் படி வெட்டி, அந்தப் படியில் அமரும் ஓர் உள்மூடியைத் தனியாகச் செய்யுங்கள். உள்மூடிக்குப் பிணைச்சல் வேண்டாம். நடுவில் ஒரு சிறு பித்தளைக் குமிழ் போதும். வெளிமூடி இரண்டு அறைகளையும் சேர்த்து மூடுவதாக இருக்கலாம், ஏனெனில் ஈரத்தைக் காக்கும் பொறுப்பு அதனிடம் இல்லை. உள்மூடி சரியாக அமர்கிறதா என்பதை அறிய, மெல்லிய கடதாசிக் கீற்று ஒன்றை விளிம்பில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் பிடி தெரிய வேண்டும். எங்கே கடதாசி தடையின்றி வழுக்கி வருகிறதோ அங்கே அரத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, எதிர்ப்பக்கத்து மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இருட்டான அறையில் ஒரு சிறிய டோர்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினாலும், ஒளிக்கீற்று கசியும் இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தூளாகவோ நறுக்கியதாகவோ உள்ள பைப் புகையிலையை நேரே மரத்தில் கொட்டி வைக்கக் கூடாது. அகன்ற வாயும் றப்பர் வளையமும் உள்ள குட்டையான கண்ணாடிப் போத்தல் ஒன்றை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு அறையை வடிவமைப்பதே சரியான ஒழுங்கு. யாழ்ப்பாணத்தில் கோடா என்னும் இனிப்புச் சாறு போட்டுப் பதப்படுத்திய சுருட்டு என்றால், அதன் இனிப்புக்கு எறும்பும் பூஞ்சணமும் விரைவில் வரும். அத்தகைய சுருட்டை மற்றவற்றோடு கலக்காமல், இறுக்கமான மூடியுள்ள சிறு பேணியில் போட்டு அறைக்குள் வைக்க வேண்டும்.

உலர் அறையில் முதலிடம் நெருப்புப்பெட்டிக்கு. சாதாரண நெருப்புப்பெட்டி ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் நீளமும் 35 மில்லிமீற்றர் அகலமும் 15 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அதை நிமிர்த்தி வைக்கக்கூடிய ஒரு குழி அமைத்து, மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு அரைவட்ட வெட்டு ஒன்று விட்டால் எடுப்பது எளிது. சிலர் குச்சிகளை மட்டும் அடுக்கி, உரசும் பட்டியைப் பெட்டியின் மரத்திலேயே ஒட்ட விரும்புவார்கள். இது அழகான யோசனை, ஆயினும் கவனம் வேண்டும். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேற்று இருக்கிறது, உரசும் பட்டியில் சிவப்புப் பொசுபரசு இருக்கிறது; இரண்டும் தேய்ந்தால் மட்டுமே தீப்பற்றும்படி அவை வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டுள்ளன. அந்தப் பிரிவைப் பெட்டி செய்பவரும் மதிக்க வேண்டும். பட்டியை வெளிப்புறத்தில், புகையிலை அறைக்கு எதிரான சுவரில், ஆழமற்ற தவாளிப்பு ஒன்றில் ஒட்டுங்கள். தேய்ந்ததும் உரித்து மாற்றும்படி மெல்லிய பசையையே பயன்படுத்துங்கள். குச்சிகள் இருக்கும் குழிக்குள் அதை ஒட்டவே கூடாது.

வாயு லைட்டரின் உடலில் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்க வேண்டாம் என்று அச்சிட்டிருப்பதைப் பலர் வாசிப்பதில்லை. நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வாகனத்துக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். ஆகவே லைட்டர் உள்ள பெட்டியை வாகனத்தில் விட்டுச் செல்லக் கூடாது. லைட்டருக்கான குழியின் அடியில் ஒரு சிறு துளை விட்டால், கசியும் வாயு தேங்காமல் வெளியேறும். அந்தத் துளை லாச்சிக்குள் திறக்காமல் பக்கச்சுவர் வழியாக வெளியே திறக்க வேண்டும். பெற்றோல் ஊற்றும் லைட்டரை இந்தப் பெட்டியில் வைக்க நான் உடன்பட மாட்டேன். எவ்வளவு இறுக்கி மூடினாலும் அதன் மணம் வெளியே கசியாமல் இருக்காது. சாம்பல் தட்டுக்கும் இதே தீர்ப்புத்தான்: அது பெட்டிக்கு வெளியே, கழுவி வைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

லாச்சியில் வெட்டுக்கத்தி, பைப்பைக் கிளறும் கருவி, துப்புரவுக் கம்பி ஆகியவை கிடக்கும். ஒவ்வொன்றையும் தடித்த மட்டையில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்த அந்த மட்டையையே அச்சாகக் கொண்டு மரத்தில் உளியால் குடைந்தால், சாமான் அசையாமல் பதிந்து கிடக்கும். துணி விரிப்பு வேண்டாம், அது மாரியில் ஈரம் பிடித்து இரும்பைக் கெடுக்கும்.

மூலைகளைப் பல்வெட்டிக் கோர்த்துப் பசையிட்டால் ஆணியே தேவையில்லை. வெளிமூடியை ஒரே அகலப் பலகையாகச் செய்தால், கச்சானுக்கும் மாரிக்கும் இடையில் 150 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை சுருங்கி விரியும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தளப்பலகைகளையும் பசையிட்டு இறுக்காமல் தவாளிப்பில் மிதக்கவிடுவது வழக்கம். ஆனால் புகையிலை அறையின் தளம் காற்று புகாததாக இருக்க வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் நல்ல ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தி நான்கு பக்கமும் பசையிட்டு, அதன் மேல் மகோகனித் தகட்டைப் பதிக்கலாம். ஒட்டுப்பலகை அவ்வளவாக விரிந்து சுருங்காது. பிணைச்சலும் திருகாணியும் பித்தளையாக இருக்கட்டும். சாவண்டலையும் முதிரையும் கடினமானவை. முன்துளை இடாமல் திருகினால் பித்தளை ஆணியின் தலை முறிந்துவிடும். அதே அளவு உருக்குத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி, புரி வெட்டிய பிறகு, மெழுகு தடவிய பித்தளை ஆணியைப் போடுவதே அனுபவமுள்ள ஓடாவிகளின் முறை.

வெளிப்புறத்துக்கு அரக்கு கரைத்த பொலிஷை மெல்லிய பூச்சுகளாக ஏற்றலாம். புகையிலை அறையின் உட்புறத்தில் வார்னிஷ், பொலிஷ், வண்ணம் எதுவும் படக் கூடாது. அந்த மரம் ஈரத்தை வாங்கிக் கொடுக்க வேண்டிய மரம்.

ஈரத்தை அளக்க ஈரப்பதன் காட்டும் சிறு மானி ஒன்றை உள்மூடியின் கீழ்ப்புறத்தில் பொருத்துங்கள். மலிவான மானிகள் பல சதவீதம் பிழை காட்டும். அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து எதுவும் வரவழைக்க வேண்டியதில்லை, நிலாவெளி உப்பளத்து உப்பே போதும். ஒரு போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல் நனையும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியுடன் சேர்த்து ஓர் இறுக்கமான போத்தலில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிலைக்கும். மானி 70 காட்டினால், அதன் எந்த அளவீட்டுக்கும் 5 கூட்டிக்கொள்ளலாம். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் ஏற்றது. 75ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்தாயிற்று என்று கொள்ள வேண்டும். கச்சான் காலத்தில் ஈரம் கூட்ட, மெருகிடாத சட்டியோட்டுத் துண்டு ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து, இலையில் படாதபடி ஒரு மூலையில் செய்த மரக்கூட்டில் வைத்தால் போதுமானது. மாரி தொடங்கியதும் அதை எடுத்துவிட வேண்டும்.

நம் வெப்பநிலையில் புகையிலை வண்டு ஆண்டு முழுவதும் பெருகும். இலையில் ஊசித்துளை கண்டால், புகையிலையை இறுகக் கட்டிய பையில் போட்டு, உறைகுளிர் அறையில் ஒரு வாரம் வைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, அதன் பின்னரே வெளியே எடுக்க வேண்டும். உடனே வெளியே எடுத்தால் இலையில் நீர் கோர்க்கும்.

புகையிலை உடலுக்குக் கேடு என்பதைப் புகைப்பவர்களே அறிவார்கள். ஆனால் சிறு குழந்தை ஒரு சிறிது இலையை வாயில் போட்டு விழுங்கினாலும் நிக்கொட்டின் நஞ்சாகும் என்பது பல வீடுகளில் நினைவில் இருப்பதில்லை. நெருப்புக்குச்சியும் கூர்மையான கத்தியும் கூடவே இருக்கும் பெட்டி இது. எனவே வெளிமூடிக்கும் லாச்சிக்கும் திறப்புப் போட்டுப் பூட்டும் பூட்டு கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காந்தப் பிடி மட்டும் போதாது. லாச்சிக்கு வேறு பூட்டு வைக்க விரும்பாவிட்டால், வெளிமூடியைத் திறந்தால் மட்டுமே மேலிருந்து தூக்கக்கூடிய ஒரு பித்தளை ஊசியை உலர் அறையின் தளம் வழியே இறக்கி லாச்சியைத் தடுத்துவிடலாம். விற்பனைக்குச் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதையும் தடுக்கிறது. ஆகையால் சிகரட் அல்லது சுருட்டு நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ மூடியில் பொறிப்பதைத் தவிர்த்து, பூங்கொடியையோ மரத்தின் வரிகளையோ அலங்காரமாக விடுங்கள்.

பெட்டி முடிந்த அன்றே புகையிலையை வைக்க வேண்டாம். பசையும் பொலிஷும் மணம் அடங்க இரண்டு வாரங்கள் திறந்தபடி நிழலில் வைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்மரத்தை ஒருமுறை ஒற்றியெடுத்து, ஊறிய ஓட்டுத்துண்டை வைத்து, உள்மூடியை மூடுங்கள். முதல் சில நாட்களுக்கு மானி ஏறி இறங்கும், ஏனெனில் மரம் தன் பங்கு ஈரத்தைக் குடிக்கிறது. தொடர்ந்து மூன்று நாட்கள் 65க்கும் 70க்கும் இடையில் அசையாமல் நின்ற பிறகு, முதலில் ஒரேயொரு சுருட்டை வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்து விரல்களுக்கிடையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நொறுங்காமல் அமுங்கி, விட்டவுடன் பழைய வடிவுக்குத் திரும்பினால் மீதியையும் அடுக்கலாம்.